கல்லும் கம்பியும்: வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு கைத்தொழில்



மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளை சார்பில் ஆரி வேலைப் பயிற்சி நடத்தினோம். சகோதரிகளுக்குக் கை நன்றாகவே வந்தது. ஒரு வியாபாரி பிளவுஸ் துணி கொடுத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஓராண்டு கழித்து, "ஒரு நாளைக்கு என்னம்மா கிடைக்கிறது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு என்று மட்டும்தான் சொன்னார்கள். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, மணிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறவில்லை. கண் வலியோடு இரவில் உட்கார்ந்து தைத்த ஒரு சகோதரி, ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாபாரியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாம் கையைப் பழக்கினோம், கணக்கைப் பழக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அந்தத் தவறு என்னுடையது. ஆகவே இந்தப் பாடத்தில் கைவேலையும் கணக்கும் சேர்ந்தே வருகின்றன. அவற்றோடு, விற்கும்போது சொல்லவேண்டிய உண்மையும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

என்ன வேலை இது?

மெருகேற்றிய கல் ஒன்றை எடுத்து, மெல்லிய உலோகக் கம்பியால் சுற்றிக் கட்டி, பதக்கமாகவோ காதணியாகவோ ஆக்குவதுதான் இந்த வேலை. பற்றவைப்பு இல்லை, நெருப்பு இல்லை, பசை இல்லை, மின்சாரம் இல்லை. கம்பியின் வளைவும் இறுக்கமும் மட்டுமே கல்லைப் பிடித்து நிற்கின்றன. மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு செய்யலாம். குழந்தை அழுதால் அப்படியே வைத்துவிட்டுப் போய், வந்து தொடரலாம்.

ஆரணிக்காரர்களுக்குக் கம்பி சுற்றுவது புதிதில்லை. நம் ஊர்ப் பட்டுச் சேலையில் மின்னும் ஜரிகை என்ன? வெள்ளியைத் துளைத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து மயிரிழை போன்ற கம்பியாக்கி, அதைத் தட்டையாக்கி, பட்டு நூலின் மேல் நெருக்கமாகச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. அங்கே நூலின் மேல் சுற்றுகிறார்கள், இங்கே கல்லின் மேல் சுற்றுகிறோம். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் ஒரே இழுப்பில் வரவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் கோக்கும்படி பணித்ததையும் குர்ஆனின் 34ஆம் அத்தியாயமான ஸபாவில் ஓதுகிறோம். போர்க்கவசம் என்பது ஆயிரக்கணக்கான சிறு வளையங்களின் கோவை. ஒரு வளையம் அளவு தவறினாலும் கவசம் அங்கே விட்டுப்போகும். நாம் செய்வது பதக்கம்தான். ஆனாலும் 'அளவைச் சரியாக வை' என்ற பாடம் நமக்கும் உரியது.

இந்த நாட்டின் பழைய தொழில்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழாய்வு செய்தார்கள். சங்க காலத்தில் கல்மணி செய்தவர்களின் பட்டறை வெளிப்பட்டது. உடைத்த கல், பாதி செதுக்கிய கல், துளையிடாத மணி, மெருகேற்றி முடித்த மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. பெரில், பளிங்கு போன்றவை சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை. இன்றும் காங்கேயம், கரூர் பக்கம் நிலாக்கல்லுக்கும் அக்வாமரின் கல்லுக்கும் பெயர் பெற்றது. ஆனால் அங்கே கிடைத்த சிவப்புக் கல்லான சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தச் சூதுபவளத்தைத்தான் நம்மவர்கள் அகீக் என்கிறார்கள். ஹஜ், உம்ரா சென்று வந்தவர்களின் வெள்ளி மோதிரத்தில் பார்த்திருப்பீர்கள். குஜராத்தில் காம்பே வளைகுடாக் கரையிலுள்ள கம்பாத் நகரம் நூற்றாண்டுகளாக அகீக் வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே இந்தத் தொழிலில் முஸ்லிம் கைவினைஞர்களும் வணிகர்களும் இருந்துவருகிறார்கள். பூமியிலிருந்து எடுக்கும்போது அந்தக் கல் பெரும்பாலும் மங்கிய பழுப்பாக இருக்கும். வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் இட்டு, எருவாட்டி நெருப்பில் மெதுவாகச் சூடேற்றினால், கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து மாறிச் சிவப்பு ஏறுகிறது.

கல்லை வீட்டில் தேய்க்க வேண்டாம்

கம்பாத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் ஓர் எச்சரிக்கை. அங்கே கல்லைச் சக்கரத்தில் வைத்து அரைப்பதும் மெருகேற்றுவதும் பல குடும்பங்களில் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அகீக் போன்ற கற்கள் முழுவதும் சிலிக்கா. அரைக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். படிந்த தழும்பை மாற்றும் மருந்து இல்லை. இந்நோய் வந்தவர்களைக் காசநோயும் எளிதில் பிடிக்கும். கம்பாத் தொழிலாளர்களிடையே இந்த நோயை மருத்துவ ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். சக்கரத்தில் உட்காராத பெண்களும் பிள்ளைகளும்கூடப் பக்கத்தில் வாழ்ந்ததால் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே நம் பயிற்சியின் முதல் விதி: மெருகேற்றி முடித்த கல்லையே வாங்குவோம். "சின்ன மோட்டார் வாங்கிக் கல்லையும் நாமே தேய்த்தால் லாபம் கூடுமே" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நாலு காசுக்காக நுரையீரலைக் கொடுக்க முடியாது.

வாங்க வேண்டியவை

கருவிகள் நான்கு போதும். வளையம் செய்ய வட்டமூக்குக் குறடு, மடிக்கவும் அழுத்தவும் உள்ளே பல் இல்லாத தட்டைமூக்குக் குறடு, வெட்டுவதற்குச் சைடு கட்டர், கம்பி முனையை மழுக்கச் சிறு அரம். பல் உள்ள குறடு கம்பியில் தடம் பதிக்கும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் முனையில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கம்பியில் மூன்று கனம் வேண்டும்: சட்டத்துக்கு 0.8 மி.மீ., மணி கோக்க 0.6 மி.மீ., கட்டுக் கட்ட 0.4 மி.மீ. கடையில் 'கேஜ்' எண் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரும். 20 கேஜ் என்பது அமெரிக்க அளவில் சுமார் 0.8 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் 0.9 மி.மீ.க்குச் சற்று மேல். எனவே மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். எண் பெரிதாகப் பெரிதாகக் கம்பி மெலியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழகுவதற்குச் செம்புக் கம்பி நல்லது. மிருது, விலை குறைவு, கெட்டுப்போனால் பழைய சாமான் கடையில் போடலாம். மோட்டார் வைண்டிங் கடைக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதை நெருப்பில் காட்டி எரிக்காதீர்கள், அந்தப் புகை கெடுதல். உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பித்தளை விறைப்பானது, கை பழகிய பிறகு எடுக்கலாம். அலுமினியம் லேசானது, ஆனால் பிடிப்பு நிற்காது. வெள்ளிக்குப் போவது கடைசிப் படி.

முதல் பாடம்: துளையுள்ள மணி

8 மி.மீ. மணி ஒன்றும், 0.6 மி.மீ. கம்பி 8 செ.மீ.யும் எடுங்கள்.

1. கம்பியின் ஒரு முனையை வட்டமூக்குக் குறடால் சிறு சுருளாக்குங்கள். மணி கீழே நழுவாமல் இதுதான் தாங்கும்.
2. மணியைக் கோத்து, அதன் மேல் 2 மி.மீ. கழுத்து விட்டுக் கம்பியைப் பக்கவாட்டில் செங்கோணமாக மடியுங்கள்.
3. மடித்த இடத்தில் வட்டமூக்குக் குறடை வைத்து, கம்பியை அதன் மேல் சுற்றி ஒரு வளையம் செய்யுங்கள்.
4. வளையத்தைத் தட்டைமூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு, மீதிக் கம்பியைக் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறக்கூடாது.
5. மீதியை ஒட்ட வெட்டி, முனையை உள்பக்கமாக அழுத்திவிடுங்கள்.

இப்படி இருபது மணி செய்யுங்கள். முதல் பத்து கோணலாகத்தான் வரும். இருபதையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் கை எங்கே திருந்தியது என்று உங்களுக்கே தெரியும். காதில் நுழையும் கொக்கியை மட்டும் செம்பில் செய்யாதீர்கள். அதற்கு வெள்ளி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடம்: துளையில்லாத கல்

அடிப்பக்கம் தட்டையான, 25 மி.மீ. நீளமும் 18 மி.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவக் கல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலை அதன் விளிம்பில் சுற்றி அளந்தால் ஏறக்குறைய 7 செ.மீ. வரும். அதோடு 15 செ.மீ. கூட்டி, 22 செ.மீ. நீளத்தில் 0.8 மி.மீ. கம்பி மூன்று வெட்டுங்கள். துணியில் பிடித்து ஒருமுறை இழுத்தால் நேராகும்.

1. மூன்று கம்பிகளையும் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கவைத்து, இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். நட்டநடுவில் 0.4 மி.மீ. கம்பியால் ஆறு சுற்றுக் கட்டுங்கள். அங்கிருந்து இருபுறமும் 1½ செ.மீ. தள்ளி இன்னும் இரண்டு கட்டுகள்.
2. நடுக்கட்டு கல்லின் அடியில் வரும்படி வைத்து, கம்பிகளை இருபக்கமும் விளிம்போடு வளைத்து மேலே கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, அங்கே மேல்நோக்கி மடியுங்கள்.
3. கல்லை எடுத்துவிட்டு, கட்டுகளுக்கு இடையே உள்ள பின்பக்கக் கம்பியை மட்டும் குறடு முனையால் உள்நோக்கி லேசாக இழுங்கள். இதுதான் கல்லின் இருக்கை.
4. முன்பக்கமாகக் கல்லை உட்காரவைத்து, மேலே சேர்ந்த ஆறு கம்பிகளையும் சேர்த்து நான்கு சுற்று இறுக்கிக் கட்டுங்கள்.
5. இப்போது முன்பக்கக் கம்பியை நான்கு இடங்களில் கல்லின் விளிம்பின் மேல் படியும்படி இழுத்துவிடுங்கள். கல் இனி எந்தப் பக்கமும் வெளியேறாது.
6. மேலே நிற்கும் ஆறில் நடுவிலுள்ள இரண்டையும் ஒரு பென்சிலின் மேல் பின்னோக்கி வளைத்து, கழுத்தின் பின்னால் கட்டினால் சங்கிலி நுழையும் வளையம் தயார். மற்ற நான்கையும் கழுத்தில் சுற்றியோ முன்னால் சிறு சுருளாக்கியோ முடித்து, முனைகளைப் பின்பக்கம் மறையுங்கள்.

சோதனை இரண்டு. காதருகே வைத்துக் குலுக்குங்கள், கல் அசையும் சத்தம் கேட்கக்கூடாது. பிறகு ஒரு பட்டுத் துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் எங்கோ முனை துருத்துகிறது. அதைச் சரிசெய்யாமல் கையிலிருந்து விடாதீர்கள். கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை நாம் செய்த பதக்கம் கிழித்ததென்று பெயர் வரக்கூடாது, அதுவும் ஆரணியில்!

சில எச்சரிக்கைகள்

உலோகத்தை வளைக்க வளைக்க அது விறைத்துக்கொண்டே வரும். ஒரே இடத்தில் நாலைந்து முறை மடித்து நிமிர்த்தினால் படக்கென்று முறியும். தப்பாக வளைந்தால் ஒருமுறை திருத்துங்கள், மறுமுறையும் தப்பினால் புதுக் கம்பி எடுங்கள்.

வெட்டும்போது துண்டு தெறித்துக் கண்ணில் படலாம். வெட்டும் முனையை விரலால் மூடிக்கொண்டு, தட்டுக்குள் கீழ்நோக்கி வெட்டுங்கள், கண்ணாடி அணியுங்கள். தரையில் தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பாயை உதறாதீர்கள். ஒரு காந்தத்தை வைத்துத் துழாவலாம் என்று நினைத்தாலும், செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே வழி.

செம்பு கறுத்தால் நம் வீட்டுப் புளியும் உப்பும் போதும், தேய்த்து உடனே நன்றாகக் கழுவுங்கள். ஆனால் முத்தும் பவளமும் வைத்த நகையில் புளி படக்கூடாது. புளிப்பு அவற்றை அரித்துவிடும்.

பொருளைப் பற்றிய உண்மை

இந்தத் தொழிலில் கம்பியைவிட எளிதாக வளைவது நாக்கு. வாங்குபவருக்குக் கல்லைப் பற்றித் தெரியாது. நாம் சொல்வதுதான் அவருக்குச் சான்று.

'கோல்ட்ஸ்டோன்' என்று மினுமினுப்போடு வருவது செம்புத்துகள் கலந்த கண்ணாடி. 'ஓபலைட்' என்பதும் கண்ணாடிதான். பேரோஜா என்று மலிவாக விற்கும் நீலக் கல் பல நேரம் ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியது. பளீரென்ற ரோஸ், நீல நிற அகேட் கற்கள் பெரும்பாலும் சாயமிட்டவை. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் சில சாயங்கள் ஒட்டிக்கொண்டு வரும். பளிங்கு வகைக் கல் கண்ணாடியைக் கீறும், கண்ணாடித் துண்டால் அதைக் கீற முடியாது. 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை, நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும்.

கண்ணாடியை விற்பது குற்றமில்லை. கண்ணாடியைக் கல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே தெரியும்படி ஏன் வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி நமக்குத் தெரிந்ததே. ஆகவே ஒவ்வொரு நகையோடும் ஒரு சிறு சீட்டு: கல் இன்னது, சாயமிட்டதா இல்லையா, கம்பி இன்ன உலோகம்.

இன்னொரு பொய்யும் உண்டு. இந்தக் கல்லை அணிந்தால் நோய் தீரும், கடன் அடையும் என்று சொன்னால் விலை இரட்டிப்பாகும். அந்த இரட்டிப்பில் பரக்கத் இல்லை. நபி (ஸல்) அவர்களே கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். அழகுக்கு அணிவதில் தடையில்லை. நன்மையும் தீமையும் கல்லிடமிருந்து வருவதாகச் சொல்லி விற்பது நம் ஈமானுக்கு ஒவ்வாதது.

கணக்கு

இப்போது ஆரி வேலையில் நாம் விட்டதைப் பிடிப்போம். இரண்டாம் பாடத்துப் பதக்கத்துக்கு 0.8 மி.மீ. கம்பி 66 செ.மீ.யும், கட்டுக்கம்பி அரை மீட்டரும் ஆகின்றன. செம்பில் இது ஏறக்குறைய 3½ கிராம், வெள்ளியில் 4 கிராம். அன்றைய விலையைக் கேட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கல் 80 ரூபாய், செம்புக் கம்பி 10, கயிறும் பெட்டியும் 20, கருவித் தேய்மானமும் கெட்டுப்போனதும் 10. ஆக 120. செய்ய இரண்டு மணி நேரம், மணிக்கு 60 என்றால் கூலி 120. மொத்தம் 240 ரூபாய். இதற்குக் கீழே விற்றால் உங்கள் கூலியிலிருந்துதான் குறையும். ஒருவர் 150க்குக் கேட்கிறார் என்று வையுங்கள். 120 செலவு போக மிச்சம் 30, மணிக்கு 15 ரூபாய். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் தெரிந்து கொடுங்கள், தெரியாமல் கொடுக்காதீர்கள்.

கை பழகி அதே பதக்கத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தால், அதே விலையில் உங்கள் மணிக்கூலி இரட்டிப்பாகும். லாபத்தை நம் கைவேகத்தில் கூட்டலாம், கல்லைப் பற்றிச் சொல்லும் பொய்யில் கூட்டக்கூடாது. ஆரம்பத்தில் பத்துப் பதினைந்துக்கு மேல் செய்து அடுக்க வேண்டாம். கடன் வாங்கி மொத்தமாகக் கல் வாங்கவும் வேண்டாம். வட்டிக்கடன் எப்படி ஒரு வீட்டைத் தின்கிறது என்பதை நம் மஹல்லாவில் நாமே பார்த்திருக்கிறோம்.

வீட்டில் செய்து பார்க்க

1. இருபது மணிகளை முதல் பாடத்தின்படி கோத்து வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதுங்கள்.
2. வீட்டிலுள்ள ஒரு கல்லை நூலால் அளந்து, எத்தனை செ.மீ. கம்பி வேண்டும் என்று கணக்கிடுங்கள்.
3. வீட்டிலுள்ள ஒரு கல் நகைக்கு உண்மைச் சீட்டு எழுதிப் பாருங்கள்.
4. உங்கள் பதக்கத்தின் அடக்க விலை என்ன, மணிக்கூலி என்ன?

நான்காவது கேள்விக்கு விடை எழுதாதவர்களுக்கு வெள்ளிக் கம்பி தரப்போவதில்லை. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கருவிகள் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, பழகிவிட்டுத் திருப்பித் தரலாம். கட்டணம் இல்லை. ஏற்கெனவே ஆரி வேலை கற்ற சகோதரிகள் முதலில் வரட்டும். உங்களுக்கு நாங்கள் பாதிப் பாடம் பாக்கி வைத்திருக்கிறோம்.

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அப்படித்தான் உண்டார்கள் என்றும் நபிமொழியில் வந்திருக்கிறது. அத்தகைய ஹலாலான ரிஸ்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் விசாலமாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்